கோயிலுக்குள் ஞானஸ்நானம்: முதல்முறை படம் எடுக்கப் போகிறேன், உதவுங்கள்

புதுலென்ஸ் எழுதியது:

வணக்கம். கேமரா வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. இதுவரை எடுத்ததெல்லாம் வெயிலில்: பூ, பூனை, மொட்டைமாடி வானம். இன்னும் பத்து நாளில் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். "உன்கிட்டதான் கேமரா இருக்கே, நீயே எடுத்துடு" என்று அக்கா சொல்லிவிட்டாள். வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. முழுப் பொறுப்பும் என் தலையில்.

கையில் இருப்பது ஒரு ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் (திறப்பு எஃப் 3.5 முதல் 5.6 வரை), மேலே எழும்பி நிற்கும் சின்ன ஃப்ளாஷ். அவ்வளவுதான்.

நேற்று மாலை ஏழு மணிக்குக் கோயிலுக்குள் போய்ப் பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். கேமரா தானாகவே ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400க்கு ஏற்றி, ஷட்டரை 1/15 நொடிக்கு இறக்கிவிட்டது. மெழுகுவர்த்தி ஸ்டாண்டு பளிச்சென்று இருக்கிறது, மனிதர்கள் எல்லாரும் ஆவி மாதிரி இருக்கிறார்கள். என்ன லென்ஸ், என்ன செட்டிங், எங்கே நிற்பது, ஃப்ளாஷ் போடலாமா, எதுவும் புரியவில்லை. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.


ஷட்டர் சத்தம் எழுதியது:

திட்ட அனுமதி கொடுத்துவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு ஆளை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றுவது மொத்தம் பத்து நொடி. தவறவிட்டால் "ஃபாதர், இன்னொரு தடவை ஊத்துங்க" என்று கேட்க முடியாது. பிறகு அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பேச்சு வரும்.


இருட்டறை எழுதியது:

சத்தம் சொல்வதில் பாதி உண்மை. மீதி பயமுறுத்தல்.

தம்பி, மாலை ஏழு மணி வெளிச்சத்தைப் பார்த்து மிரள வேண்டாம். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? காலையில் என்றால் அதே கோயில் வேறு கோயிலாகத் தெரியும். நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்துக்கு இன்னொரு நாள் போய்ப் பாருங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எங்கே விழுகிறது, விளக்குகளைப் போடுவார்களா, போட்டால் எத்தனை, இதெல்லாம் செட்டிங்கைவிட முக்கியம்.

இப்போது லென்ஸ் கணக்கு. எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அதிகம் திறக்கும். பகலில் சுமாராக வெளிச்சம் உள்ள கோயிலில் எஃப் 2, 1/125, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். அதே இடத்தில் உங்கள் லென்ஸை 55க்கு இழுத்தால் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. 2க்கும் 5.6க்கும் நடுவே 3 ஸ்டாப், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும். அதாவது ஐஎஸ்ஓ 1600, 3200, 6400, கடைசியில் 12800. அங்கே போனால் குழந்தையின் கன்னத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும்.

ஆகவே ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் கடன் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். பல கம்பெனிகள் மலிவாகச் செய்யும் லென்ஸ் இது, நண்பர்களில் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். மவுண்ட் (லென்ஸைக் கேமராவில் மாட்டும் இடம்) ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏபிஎஸ்-சியில் 3 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 1.4 மீட்டர் அகலம் உள்ளே அடங்கும். குழந்தை, ஃபாதரின் கை, அம்மாவின் முகம், அவ்வளவும் வந்துவிடும். வாசலுக்கும் குரூப் போட்டோவுக்கும் உங்கள் பழைய 18-55 போதும்.

ஒரு எச்சரிக்கை. 1.8 இருக்கிறதே என்று 1.8லேயே எடுக்காதீர்கள். 2 மீட்டர் தூரத்தில் அப்படி எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 11 செ.மீ. மட்டுமே. குழந்தையின் கண் தெளிவு, அம்மா மங்கல், ஊற்றும் கை மங்கல். 2.8 வைத்தால் 18 செ.மீ. கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் விலை ஐஎஸ்ஓ ஒரு படிக்குக் கொஞ்சம் மேல் ஏறுவது. கொடுங்கள்.

நாங்கள் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் ரோலை 1600 என்று வைத்து எடுத்து, அதற்கேற்ப அதிக நேரம் கழுவி, 36 படத்துக்குள் இதே சடங்கை முடித்தவர்கள். உங்களால் முடியும்.


புதுலென்ஸ் எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. காலை பத்து மணிக்குத்தான். 50 மி.மீ. கல்லூரித் தோழியிடம் இருக்கிறது, கேட்டாயிற்று, தருகிறாள்.

அப்புறம், தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.


இருட்டறை எழுதியது:

மன்னிக்கணும் தங்கச்சி. கண்ணாடி மாற்றுகிறேன்.


கோயில்பிள்ளை மகன் எழுதியது:

என் அப்பா முப்பது வருஷம் கோயில்பிள்ளையாக, அதாவது கோயில் வேலைகளைப் பார்ப்பவராக இருந்தவர். பீடத்தில் ஏறி அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கேமராக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் கேமராவைப் பற்றி அல்ல, சடங்கைப் பற்றிச் சொல்கிறேன். ஃபாதர் என்கிறீர்கள், கத்தோலிக்கக் கோயில் என்று வைத்துக்கொள்கிறேன். (இப்போது திருமுழுக்கு என்று சொல்வார்கள், புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். வீட்டில் ஞானஸ்நானம்தான்.) இப்போது நடக்கும் குழந்தைத் திருமுழுக்குச் சடங்கு 1969ல் வந்த முறை. வரிசை தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஆரம்பம் வாசலில். ஃபாதர் வாசலுக்கு வந்து "குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்" என்று பெற்றோரிடம் கேட்பார். பிறகு குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார். அவருக்குப் பின் அப்பா, அம்மா, ஞானப்பெற்றோர் (ஞானத்தாய், ஞானத்தந்தையாகப் பொறுப்பேற்பவர்கள்). இதைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், உள்ளே ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவதால். கோயிலிலேயே நல்ல வெளிச்சம் வாசல் வெளிச்சம்தான். விடாதீர்கள்.

அப்புறம் பைபிள் வாசகம், சின்னப் பிரசங்கம், மன்றாட்டு. இந்த நேரத்தில் நடமாடாதீர்கள். குழந்தை தூங்குவது, பாட்டி கண்ணை மூடி ஜெபிப்பது, இப்படி இருந்த இடத்திலிருந்தே கிடைப்பதை எடுங்கள். அடுத்து குழந்தையின் நெஞ்சில் எண்ணெய் பூசுவார். சில இடங்களில் இது இருக்காது.

தொட்டிக்கு வந்ததும் தண்ணீரை ஆசீர்வதிப்பார். பிறகு பெற்றோரிடமும் ஞானப்பெற்றோரிடமும் கேள்விகள்: தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று மூன்று, நம்புகிறீர்களா என்று மூன்று. அந்த ஆறாவது பதில் உங்களுக்கு மணி அடித்த மாதிரி. அதற்குள் இடத்தில் நின்று, ஃபோகஸ் பார்த்து, ஒரு படம் எடுத்து வெளிச்சம் சரியா என்று பார்த்து முடித்திருக்க வேண்டும்.

இப்போது சத்தம் அண்ணனுக்குப் பதில். தண்ணீர் ஒருமுறை அல்ல, மூன்றுமுறை ஊற்றுவார்: தந்தை, மகன், தூய ஆவி என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஊற்று. ஆக உங்களுக்கு மூன்று வாய்ப்பு. முதல் ஊற்றில் குழந்தை பெரும்பாலும் திகைக்கும், அழுகை கொஞ்சம் பின்னால்தான் வரும்.

எங்கே நிற்பது? ஃபாதர் வலது கையால் ஊற்றுவார். அந்தக் கை குழந்தையின் முகத்தை மறைக்கும். ஆகவே அவருடைய இடது பக்கம், தொட்டிக்குக் குறுக்கே நில்லுங்கள். ஞானத்தாய் துவாலையோடு தயாராக இருப்பார், கடைசி ஊற்று முடிந்த அடுத்த நொடியில் துவாலை குழந்தையின் தலைக்கு வந்துவிடும். துடைப்பதற்கு முந்தைய அந்த ஈரத் தலைதான் நல்ல படம்.

இன்னும் முடியவில்லை. உச்சந்தலையில் கிறிஸ்மா தைலம் (ஆசீர்வதித்த வாசனை எண்ணெய்), வெள்ளை உடை, அதன்பின் மெழுகுவர்த்தி. பாஸ்கா திரியிலிருந்து (ஈஸ்டருக்கு ஏற்றும் பெரிய மெழுகுவர்த்தி) அப்பாவோ ஞானத்தந்தையோ ஏற்றுவார். பாஸ்கா காலம் தவிர மற்ற நாட்களில் அந்தப் பெரிய திரி தொட்டிப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் நீங்கள் ஓட வேண்டியதில்லை. பிறகு "எப்பத்தா", அதாவது காதையும் வாயையும் தொட்டு "திறக்கப்படு" என்று சொல்வது. எல்லா இடத்திலும் செய்வதில்லை. கடைசியில் பீடத்தின் முன் கர்த்தர் கற்பித்த ஜெபம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆசீர். அம்மாவின் முகம் தளர்வாக இருப்பது அப்போதுதான்.

படிக்கிற மற்றவர்களுக்கு: ஆர்த்தடாக்ஸ் கோயில் என்றால் கதையே வேறு. பல இடங்களில் குழந்தையை மூன்றுமுறை முழுக்க முக்கி எடுப்பார்கள். தண்ணீர் உங்கள் லென்ஸ்வரை வரும்.


ஷட்டர் சத்தம் எழுதியது:

மூன்று ஊற்று எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன்.


புதுலென்ஸ் எழுதியது:

கோயில்பிள்ளை மகன் அண்ணா, இதை அப்படியே ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். ஃப்ளாஷ் குழந்தையின் கண்ணைக் கெடுக்கும் என்று அத்தை சொல்கிறார். உண்மையா? இன்னொன்று, ரா ஃபைலா ஜேபெக்கா?


மெழுகு எழுதியது:

ரா, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல், பிறகு திருத்த இடம் கொடுக்கும். யோசிக்காதீர்கள். கார்டு நிரம்பும், நிரம்பட்டும்.

ஃப்ளாஷ் விஷயம்: சாதாரண கேமரா ஃப்ளாஷால் குழந்தையின் பார்வை கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தூங்குகிற குழந்தையின் முகத்துக்கு நேரே பளிச்சென்று அடித்தால் திடுக்கிட்டு வீறிடும், அது போதாதா? அதோடு, கேமராவின் மேல் இருக்கும் அந்தக் குட்டி ஃப்ளாஷ் நேருக்கு நேர் அடிப்பது. முன்னால் இருப்பவர் முகம் சுண்ணாம்பு, பின்னால் கோயில் முழுக்க இருட்டு. ஜன்னல் வெளிச்சமும் மெழுகுவர்த்தியும் செத்துப்போகும். சடங்கு நடக்கும்போது வேண்டவே வேண்டாம்.


ஷட்டர் சத்தம் எழுதியது:

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். தனி ஃப்ளாஷ் வைத்துக் கூரையில் அடித்துத் திருப்பினால் வெளிச்சம் மெத்தென்று விழும். நான் நிறைய எடுத்திருக்கிறேன்.


மெழுகு எழுதியது:

மண்டபத்தில் எடுத்திருப்பீர்கள். கூரை மூன்று மீட்டர். கோயில் கூரை பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் மேலே போய்த் திரும்பி வர ஏறக்குறைய இருபது மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. அதுவும் மரக்கூரை என்றால் வருகிற கொஞ்சமும் காப்பி நிறத்தில் வரும். சடங்கு முடிந்து குரூப் எடுக்கும்போது போடலாம், அதுவும் ஃபாதர் சரி என்றால்.


ஷட்டர் சத்தம் எழுதியது:

சின்னக் கோயில், வெள்ளைக் கூரை என்றால்?


மெழுகு எழுதியது:

அப்போது நீங்கள் சொல்வது நடக்கும். ஃபாதரிடம் கேட்டுவிட்டு.


நிறமாலை எழுதியது:

இதுவரை யாரும் வெள்ளை உடையைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பாதிப் படம் போனது அதில்தான்.

வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டருக்கு வெள்ளை என்றால் என்னவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரிச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வெள்ளை உடை இருந்தால் படம் துவைக்காத துணி மாதிரி வரும், அங்கே வெளிச்சத்தை ஒரு படி (+1) ஏற்ற வேண்டும் என்பார்கள். ஆனால் கோயிலில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். பின்னால் இருண்ட மரப் பெஞ்சு, நடுவில் கைக்குட்டை அளவு வெள்ளை. மீட்டர் இருட்டைப் பார்த்துப் பதறி வெளிச்சத்தை ஏற்றிவிடும். உடையின் லேஸ், பூவேலை எல்லாம் வெளிறி ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். ராவிலும் அதை மீட்க முடியாது. கொஞ்சம் இருட்டான படத்தைத் தூக்கலாம், வெளிறிப்போன லேஸை யாராலும் திரும்ப நெய்ய முடியாது.

ஆகவே மேனுவல், அதாவது செட்டிங்கை நாமே வைப்பது. தொட்டி அருகே வெளிச்சம் மாறாது, ஒருமுறை வைத்தால் போதும். வெளிறிய இடங்கள் திரையில் மின்னிக் காட்டும் வசதி பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள். உடை மின்னினால் ஒரு படி இறக்குங்கள்.

அடுத்தது நிறம். ஜன்னல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின் (எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்), பழைய மஞ்சள் பல்பு 3000 பக்கம், மெழுகுவர்த்தி 1900 பக்கம். மூன்றும் ஒரே முகத்தில் விழும். எந்த ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சமன் செய்யும் செட்டிங்) வைத்தாலும் ஒன்று கெடும். ராவில் எடுத்துவிட்டு வீட்டில் முகத்தோலைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் இன்னும் கவனம். ஒரு கோயிலில் குழந்தையின் பாதி முகம் கிளிப்பச்சையாக எனக்கு வந்தது. அம்மாவை அரை அடி நகரச் சொல்லியிருந்தால் போதும், சடங்கு நடுவில் எப்படிச் சொல்வது?

கடைசியாக ஒன்று. உங்கள் கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால், கோயில் என்றதும் அதைப் போடத் தோன்றும். எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் அது படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெக்கானிக்கல் ஷட்டர், 1/100 அல்லது 1/50 என்றால் தப்பிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120, 1/60. எல்லா விளக்கும் இப்படித் துடிப்பதில்லை. முன்னாடியே போய் 1/250ல் ஒரே இடத்தை அடுத்தடுத்து ஆறு படம் எடுங்கள். ஆறும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் கவலை இல்லை.


புதுலென்ஸ் எழுதியது:

இன்று காலை பத்து மணிக்குப் போய்வந்தேன். இருட்டறை அண்ணா சொன்னது சரி, வேறு கோயில்தான். கிழக்கு ஜன்னலிலிருந்து தொட்டிவரை வெளிச்சம் வருகிறது. எஃப் 2.8, 1/160, ஐஎஸ்ஓ 3200. 1/250ல் ஆறு படம் எடுத்தேன், இரண்டு மட்டும் மங்கி மஞ்சளாக இருந்தது. ஆக விளக்கு துடிக்கிறது. ஃபாதரிடம் கேட்டேன், தொட்டிக்கு நேர் மேலே உள்ள விளக்கை மட்டும் அணைத்துவைக்கச் சொல்கிறேன் என்றார். ஜன்னல் வெளிச்சமே போதும்.

ஃபாதர் நான் நினைத்ததைவிட எளிமையானவர். சடங்கில் ஃப்ளாஷ் கூடாது, பீடத்துப் படியில் ஏறக் கூடாது, வாசகத்தின்போது நடக்கக் கூடாது, தொட்டிக்கு இரண்டு எட்டு தூரத்தில் நிற்கலாம். அவ்வளவுதான் சொன்னார். பிறகு "நான் எங்கே நிற்பேன் தெரியுமா" என்று அவரே நின்று காட்டினார்.

அங்கேதான் ஒரு விஷயம். அவருக்கு இடது கைப் பழக்கம்! இடது பக்கம் நின்றிருந்தால் முழங்கையைத்தான் எடுத்திருப்பேன்.


கோயில்பிள்ளை மகன் எழுதியது:

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அப்போது வலது பக்கம். நல்லவேளை கேட்டீர்கள்.


ஷட்டர் சத்தம் எழுதியது:

சரி, நீங்கள் எடுத்தே தீருவீர்கள் என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் நானும் உருப்படியாக ஏதாவது சொல்கிறேன்.

ஃபோகஸ் ஆனதும் "பீப்" என்று கத்தும் சத்தத்தை அணையுங்கள். இருட்டில் எரியும் அந்தச் சிவப்பு ஃபோகஸ் விளக்கையும் அணையுங்கள். ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் முறையில் வையுங்கள், கேனானில் ஏஐ செர்வோ அல்லது செர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தாலும் முழுக்க நம்பாதீர்கள். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும், கண் மூடியிருக்கும், கேமரா ஃபாதரின் கண்ணுக்குத் தாவிவிடும். ஒற்றைப் புள்ளியை நீங்களே குழந்தையின் புருவத்தில் வையுங்கள். ஊற்றும்போது பர்ஸ்ட் (படபடவென்று அடுத்தடுத்த படங்கள்), ஆனால் மூன்று ஊற்றுக்கு மூன்று சின்ன பர்ஸ்ட். ஒரேயடியாக அழுத்திப் பிடித்தால் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி மூன்றாவது ஊற்றில் கேமரா மூச்சு வாங்கும்.

இரண்டு பேட்டரி, இரண்டு கார்டு. கார்டை முந்தைய நாள் இரவே கேமராவில் ஃபார்மேட் செய்யுங்கள், வாசலில் நின்றுகொண்டு அல்ல.


இருட்டறை எழுதியது:

வீட்டில் ஒத்திகை பாருங்கள் தங்கச்சி. சிரிக்காமல் செய்யுங்கள்.


புதுலென்ஸ் எழுதியது:

சிரிக்காமல் செய்ய முடியவில்லை. தலையணைக்கு வெள்ளைத் துணி சுற்றி, அதன் மேல் பொம்மைத் தலை. அப்பா குழந்தையைப் பிடித்துக்கொண்டார். அம்மாதான் ஃபாதர், இடது கையில் சொம்பு. குளியலறையில் மூன்று ஊற்று, பன்னிரண்டு தடவை. முதல் நாலு தடவையும் தண்ணீர் விழுந்து முடிந்த பிறகே அழுத்தினேன். சொம்பு சாயத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும் என்று அப்புறம் புரிந்தது. 1/160ல் தண்ணீர் நூல் நூலாக இழுபடுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

தலையணை இன்னும் காயவில்லை. ஞாயிறு பார்ப்போம்.


புதுலென்ஸ் எழுதியது:

முடிந்தது. நேற்று ஒரே தூக்கம், இன்று எழுதுகிறேன்.

வாசல் அருமை. நெற்றியில் அக்கா சிலுவை வரையும் படம், அவள் விரலும் குழந்தையின் மூடிய கண்ணும் மட்டும், முன்கூட்டித் தெரியாமல் போயிருந்தால் அதை எடுத்திருக்கவே மாட்டேன். ஆனால் அங்கே வெளிச்சம் அதிகம் என்று ஷட்டரை 1/1000க்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை 400க்கு இறக்கியிருந்தேன். ஊர்வலமாக உள்ளே வந்தபோது மாற்ற மறந்துவிட்டேன். வாசகம் முழுக்க, பாட்டி, ஞானத்தந்தை எல்லாரும் கன்னங்கரேல். நிறமாலை சொன்ன அந்த மின்னல் வெளிறினால்தானே வரும், இருட்டுக்கு வராது. இருபத்தேழு படம் போன பிறகுதான் திரையைப் பார்த்தேன். ராவில் தூக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, ஊதாக் கோடுகள்தான்.

நெஞ்சில் எண்ணெய் பூசுவது இருந்தது. பரவாயில்லாமல் வந்திருக்கிறது.

தொட்டிக்கு வந்தோம். வலது பக்கம், இரண்டு எட்டு. ஆறு பதில்களையும் விரல்விட்டு எண்ணினேன். ஆறாவது பதில் வந்ததும் மூச்சைப் பிடித்தேன். ஃபாதர் கிண்ணத்தை எடுத்தார். அப்போது என் மாமா ஒருவர், எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை, கையை நீட்டி போனை என் லென்ஸுக்கு முன்னால் கொண்டுவந்தார். முதல் ஊற்றில் என்னிடம் இருப்பது மாமாவின் போன் திரை. அந்தத் திரைக்குள் குழந்தை தெரிகிறது, அதுவும் மங்கலாக.

நான் எதுவும் சொல்லாமல் அரை எட்டு பக்கவாட்டில் நகர்ந்தேன். இரண்டாவது ஊற்று: கிண்ணம் சாய்கிறது, குழந்தை அசையாமல் தூங்குகிறது, ஃபோகஸ் அக்காவின் காதணியில். மூன்றாவது ஊற்று: கண் திறந்தது. அழவில்லை. நெற்றியில் தண்ணீர் வழிகிறது, ஒரு கண் மட்டும் திறந்து நேராக ஃபாதரைப் பார்க்கிறது, "யாருய்யா நீ" என்பதுபோல. துவாலை வருவதற்கு முன் ஐந்து படம். ஐந்தில் மூன்று தெளிவு.

மூன்று ஊற்று என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், மாமாவின் போனைப் பார்த்த அந்த நொடியிலேயே கேமராவை இறக்கியிருப்பேன்.

மெழுகுவர்த்தி ஏற்றியபோது கொஞ்சம் இருட்டாக எடுத்தேன், சுடர் வெளிறாமல் இருக்கட்டும் என்று. அதில் ஞானத்தந்தையின் முகம் கீழிருந்து மஞ்சளாக ஒளிர்கிறது. எனக்கு மொத்தத்தில் பிடித்தது அதுதான். குரூப் போட்டோ வாசற்படியில், 18-55ஐ 24ல் வைத்து, எஃப் 5.6. பதினெட்டுப் பேர், ஒரே வரிசையில் நின்றால் ஓரத்தில் இருப்பவர்கள் அகலமாகிவிடுவார்கள் என்று படியில் மூன்று வரிசையாக நிறுத்தினேன். எல்லாரும் கண் திறந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

மொத்தம் 412. உருப்படி என்று நான் நினைப்பது 70.


மெழுகு எழுதியது:

முதல்முறைக்கு 70 என்பது பெரிய விஷயம். அதையும் ஐம்பதாகக் குறையுங்கள். ஒரே மாதிரி நாலு படம் கொடுத்தால் நல்லதும் சாதாரணமாகிவிடும்.

குரூப்பில் கண் மூடுவது நடக்கும். பத்துப் பேருக்கு மேல் என்றால் அடுத்தடுத்து ஏழெட்டு எடுத்து, ஒரு படத்தின் முகத்தை இன்னொன்றில் ஒட்டலாம், கேமரா அசையாமல் இருந்திருந்தால்.


நிறமாலை எழுதியது:

ஜன்னல் ஒரு பக்கம், மஞ்சள் விளக்கு ஒரு பக்கம் என்று நிறம் ஒத்துவராத படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். புள்ளிகளும் அதில் உறுத்தாது. எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள், அந்த மெழுகுவர்த்திப் படத்தைத் தொட்டால் கோபப்படுவேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்து நாய்ஸுக்கு, அதாவது அந்தப் புள்ளிகளுக்குப் பயப்பட வேண்டாம். 12×8 அங்குலத்துக்கு 3600×2400 பிக்சல் போதும், 24 மெகாபிக்சல் கேமராவில் 6000×4000 இருக்கிறது. பிரிண்டில் பாதிப் புள்ளி காணாமல் போகும். நாய்ஸ் நீக்கும் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்தால் குழந்தை மெழுகுப் பொம்மையாகிவிடும்.


கோயில்பிள்ளை மகன் எழுதியது:

அன்று வேறு குழந்தைகளும் இருந்தார்களா? ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்துக் கொடுப்பது உண்டு. அவர்கள் உங்கள் படத்தில் விழுந்திருந்தால் வலையில் ஏற்றுவதற்கு முன் அந்தப் பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் அக்காவிடமும்தான். நனைந்த, அரைகுறை உடையில் உள்ள குழந்தைப் படம் எது வெளியே போகலாம் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.


புதுலென்ஸ் எழுதியது:

இன்னொரு குழந்தை இருந்தது அண்ணா. அவர்களிடம் போன் மட்டும்தான் இருந்தது. எங்கள் குழந்தைக்கு அடுத்து அவர்களுக்கு ஊற்றினார், நான் இடத்தைவிட்டு நகராததால் அது முழுசாகக் கிடைத்துவிட்டது, மாமா இல்லாமல், மூன்று ஊற்றும். ஃபாதர் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுவேன். எங்கேயும் ஏற்ற மாட்டேன்.

அக்காவிடம் ஐம்பதையும் காட்டினேன். பெரிதாகப் பிரிண்ட் போட அவள் எடுத்தது எது தெரியுமா? மூன்றாவது ஊற்று இல்லை. மெழுகுவர்த்தியும் இல்லை. ஃபோகஸ் காதணியில் விழுந்த அந்த இரண்டாவது ஊற்று. "இதுல நான் நல்லா இருக்கேன்" என்கிறாள்.


இருட்டறை எழுதியது:

நாற்பது வருஷமாக இதேதான் நடக்கிறது தங்கச்சி.


புதுலென்ஸ் எழுதியது:

இப்போது அடுத்த சிக்கல். படங்களைப் பார்த்துவிட்டுச் சித்தி கூப்பிட்டார். அவர் மகளுக்குப் புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு), இரண்டு மாதத்தில். நானே எடுக்க வேண்டுமாம்.


ஷட்டர் சத்தம் எழுதியது:

அங்கே மூன்று ஊற்று கிடையாது. நற்கருணை அப்பத்தை வாயில் வைத்தால் முடிந்தது, ஒரே நொடி. நான் முதலில் சொன்னதை இங்கே எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.


கோயில்பிள்ளை மகன் எழுதியது:

பயப்படாதீர்கள். பிள்ளைகள் வரிசையாகத்தான் வருவார்கள். உங்கள் சித்தி மகள் வரிசையில் பதினைந்தாவது என்றால் உங்களுக்குப் பதினாலு ஒத்திகை. உயர வரிசையா, பெயர் வரிசையா என்று மட்டும் முன்னாடியே ஃபாதரிடம் கேட்டுவையுங்கள். மாமாவை எந்தப் பெஞ்சில் உட்காரவைப்பது என்பதையும்.